பெட்ரோல் படகுக்கு எந்தத் தீயணைப்பான்? நீலகிரிக் குளிரில் ஓடும் படகு, யோசனை தேவை

#1 மலைமெக்கானிக்

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீர்த்தேக்கத்தில் ஓடும் சுற்றுலாப் படகுகளுக்கு நான் என்ஜின் வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் மூன்று படகுகள். ஒன்று எட்டுப் பேர் உட்காரும் ஃபைபர் படகு. நடுவில் மூடி போட்ட என்ஜின் பெட்டி, உள்ளே கார்பரேட்டர் வைத்த பழைய கார் பெட்ரோல் என்ஜின். இரண்டாவது 25 எச்பி அவுட்போர்டு படகு, அதாவது என்ஜினைப் பின்னால் வெளியே மாட்டியது. மூன்றாவது பேட்டரிப் படகு, அடுத்த சீசனுக்கு வருகிறது.

போன டிசம்பரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணி இருக்கும். புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாக இருந்தது. பெரிய படகு ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சுற்றினேன். ஒருமுறை டப்பென்று பின்வெடி அடித்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டி மூடியின் ஓரத்தில் புகை. என்னோடு இருந்த உதவியாளப் பையன் பதறிப் போய் மூடியைத் தூக்கிவிட்டான். அதுவரை புகையாக இருந்தது சட்டென்று மேலே கட்டியிருந்த தார்ப்பாய் வரைக்கும் எரிந்து வந்தது. பையனுக்குப் புருவமும் முன்முடியும் கருகின. தீயணைப்பானைத் தேடினால் சீட்டுக்கு அடியில், லைஃப் ஜாக்கெட் குவியலுக்குப் பின்னால் கிடக்கிறது. அதன் பூட்டு ஊசி துருப்பிடித்திருந்தது. எப்படியோ பிடுங்கி அழுத்தினால் ஒரு கை மாவு கொட்டி நின்றுவிட்டது. மூடியைத் திரும்பப் போட்டு, ஈரச் சாக்கைச் சுற்றி அடைத்த பிறகுதான் அணைந்தது. பயணிகள் யாரும் ஏறியிருக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்னமும் கை நடுங்குகிறது.

இப்போது முதலாளி நல்லதாக வாங்கிக்கொள் என்கிறார். கோவையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் ஏபிசி தூள், ஒருவர் கார்பன் டை ஆக்சைடு, ஒருவர் தீயில் தூக்கிப் போடும் பந்து. ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். எதை வாங்குவது, எத்தனை, எங்கே மாட்டுவது? இன்னொன்று, இங்கே இருக்கும் தூள் சிலிண்டர்களில் விடியற்காலையில் அழுத்த மீட்டர் முள் கீழே இறங்குகிறது, மத்தியானம் ஏறுகிறது. கேஸ் கசிகிறதா?

#2 பாம்பன் டீசல்

தம்பி, முதலில் பையன் நல்லபடியாகத் தப்பினானே, அதற்குக் கடவுளுக்கு நன்றி. நான் இருபது வருடம் விசைப்படகு என்ஜினோடு கிடந்தவன். எங்களுடையது டீசல், கடல். உங்களுடையது பெட்ரோல், ஏரி. ஆனால் ஒரு விஷயம் இரண்டுக்கும் ஒன்றுதான். என்ஜின் பெட்டியில் தீ என்று தெரிந்தால் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே காற்றுக்குத் திணறிக்கொண்டிருக்கும் தீ, நீங்கள் மூடியைத் தூக்கிய நொடியில் உங்கள் முகத்துக்குத்தான் வரும். கடைசியில் நீங்கள் மூடியைப் போட்டு அடைத்தீர்களே, அதுதான் அணைத்தது. அந்த ஒரு கை மாவு இல்லை.

அதனால் எந்த சிலிண்டர் என்று கேட்பதற்கு முன்னால், மூடியைத் திறக்காமல் மருந்தை உள்ளே எப்படி அனுப்புவது என்று யோசியுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு ரப்பர் அடைப்பான் வையுங்கள். தீ என்றால் அடைப்பானைக் குத்தித் தள்ளி, தீயணைப்பானின் மூக்கை அதில் வைத்து முழுவதும் அடித்துவிட வேண்டும். செலவு ஐந்நூறு ரூபாய் கூட வராது.

#3 குன்னூர் வாத்தியார்

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் நான். மெக்கானிக் தம்பி எழுதியதில் ஒன்று என்னைக் கவலைப்பட வைக்கிறது. இவ்வளவு குளிரில் பெட்ரோல் எங்கே பற்றப்போகிறது என்ற எண்ணம் மலையில் நிறையப் பேருக்கு இருக்கிறது. பெட்ரோலின் தீப்பற்றும் நிலை மைனஸ் 40 டிகிரிக்குப் பக்கம். அதாவது ஊட்டியின் மிகக் கடுமையான உறைபனி இரவிலும் பெட்ரோல் ஆவி பற்றத் தயாராகத்தான் இருக்கும். டீசல் அப்படி இல்லை. அதைச் சூடாக்கினால்தான் ஆவி போதுமான அளவு வரும். பாம்பன் நண்பருக்கு இருக்கும் அந்தச் சின்னச் சலுகை உங்களுக்கு இல்லை.

அடுத்தது, பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது மேலே போய்க் கலையாது. படகின் அடித்தட்டில் தண்ணீர் மாதிரித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும், ஒரு பொறியில் பிடித்துக்கொள்ளும். திறந்த ஜீப்பில் காற்றோடு போய்விடும் கசிவு, படகில் குழிக்குள் உட்கார்ந்து காத்திருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் அடித்தட்டை முகர்ந்து பார்ப்பது நல்ல பழக்கம். ஊதியை வைத்துக் காற்றை வெளியேற்றுவது அதைவிட நல்லது. அமெரிக்காவில் இன்போர்டு, அதாவது உள்ளேயே என்ஜின் வைத்த பெட்ரோல் படகுகளில் ஸ்டார்ட்டுக்கு முன் நான்கு நிமிடம் ஊதியை ஓட்டச் சொல்லி எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். ஊதியின் குழாய் வாய் அடித்தட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். மேலே வைத்தால் கனமான ஆவி அப்படியே கிடக்கும்.

#4 மலைமெக்கானிக்

ஐயா, ஊதி இருந்தது. எரிந்து போய் இரண்டு வருடமாக மாற்றவில்லை. என் தப்புதான், மாற்றிவிடுகிறேன்.

பின்வெடி பற்றி நானே யோசித்துப் பார்த்தேன். இந்த என்ஜின் கீழ்நாட்டில் இருந்து அப்படியே வந்தது. இங்கே 2,200 மீட்டர் உயரம், காற்று நாலில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாததால் எப்போதும் பெட்ரோல் அதிகமாகத்தான் குடிக்கும். அதற்கு மேல் சோக்கும் இழுத்தால் வழிந்து கீழே சொட்டுகிறது. பின்வெடிச் சுடர் வெளியே வராமல் தடுக்க, கார்பரேட்டர் வாயில் சுடர் தடுப்பு வலையும் இல்லை. கார் என்ஜினுக்கு அது எதற்கு என்று யாரும் போடவில்லை.

#5 பாம்பன் டீசல்

கார் ஸ்டார்ட்டர், கார் ஆல்டர்னேட்டர் என்றால் அதையும் கவனியுங்கள் தம்பி. காரில் அவை திறந்த காற்றில் பொறி விட்டால் ஒன்றும் ஆகாது. படகுப் பெட்டிக்குள் பொறி வெளியே வராதபடி மூடிய மரைன் வகை தனியாக விற்கிறது. விலை கூடத்தான். ஆனால் உங்கள் படகில் தீயணைப்பானுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

எரிபொருள் குழாயையும் பாருங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயை அது ஊறவைத்து, விரிசல் விட வைக்கும். அவுட்போர்டின் கைப்பம்ப் உருண்டையும் அப்படித்தான். விரலால் அழுத்திப் பார்த்துப் பிசுபிசுப்பாக இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

#6 தணல்

நான் கோவையில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர். பிறந்த ஊர் கோத்தகிரி. லேபிள் படிப்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டில் தீயை ஏ, பி, சி என்று பிரிப்பதில் ஏ என்றால் மரம், துணி, ஃபைபர் மாதிரித் திடப்பொருள். பி என்றால் பெட்ரோல், ஆயில். சி என்றால் எரிவாயு. அமெரிக்க முறையில் சி என்றால் மின்சாரத் தீ. இணையத்தில் படகுக்கு பி:சி வாங்குங்கள் என்று எழுதியிருப்பார்கள். அது அவர்கள் ஊர் எழுத்து. உங்கள் படகே ஃபைபர், அதாவது பாலியெஸ்டர் ரெசின். பற்றிவிட்டால் கரும்புகையோடு வேகமாக எரியும். ஆகவே படகில் கையில் எடுத்து அடிக்கும் தீயணைப்பானில் ஏ என்ற எழுத்தும் இருக்க வேண்டும். பி மட்டும் உள்ள சோடா மாவு வகை பெட்ரோலை அணைக்கும், கனன்றுகொண்டிருக்கும் ஃபைபரை அணைக்காது.

எழுத்துக்கு முன்னால் உள்ள எண்ணிலும் இதே குழப்பம்தான். நம் ஊர் சிலிண்டரில் 21பி என்று போட்டிருந்தால், 21 லிட்டர் திரவம் ஊற்றிய சோதனைத் தட்டின் தீயை அணைத்திருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்கப் படகு விதியில் வரும் 5-பி, 20-பி வேறு அளவு, அது சதுர அடிக் கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டு, நம்முடையது நாலு மடங்கு பெரிது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஐ.எஸ். 15683 என்ற இந்தியத் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். தயாரித்த மாதம், வருடம் சிலிண்டரிலேயே அடித்திருக்க வேண்டும். காகித ஸ்டிக்கரில் கடைக்காரர் எழுதுவது கணக்கில் சேராது.

பெரிய படகுக்கு 2 கிலோ ஏபிசி தூள் இரண்டு. ஒன்று ஓட்டுநர் கைக்கு எட்டும் தூரத்தில், ஒன்று பின்னால். நடுவில் என்ஜின் பெட்டி எரிந்தால், அதைத் தாண்டித்தான் தீயணைப்பானை எடுக்க வேண்டும் என்ற நிலை யாருக்கும் வரக்கூடாது. சீட்டுக்கு அடியில் வேண்டவே வேண்டாம் தம்பி. அதிர்வில் கழன்று விழாத உலோகக் கொக்கியில், கண்ணுக்குத் தெரியும்படி மாட்டுங்கள்.

#7 கோவை பம்ப்செட்

தணல் அக்கா சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஏபிசி தூள் என்ஜினுக்குள் போனால் அப்புறம் அந்த என்ஜினை மறந்துவிட வேண்டியதுதான். ஈரம் பட்டால் அமிலத்தன்மையாகி அலுமினியத்தை அரிக்கும். கார்பரேட்டர், வயரிங் எல்லாம் போச்சு. நான் பம்ப் அறைகளில் கார்பன் டை ஆக்சைடுதான் வைக்கிறேன். அடித்தால் ஒரு துளி மிச்சம் இருக்காது. படகுக்கும் அதையே வாங்குங்கள்.

#8 தணல்

பம்ப் அறைக்கு நான்கு சுவர் இருக்கிறது தம்பி. ஏரிக்காற்று அடிக்கும் திறந்த படகில் கார்பன் டை ஆக்சைடை அடித்தால் பாதி காற்றோடு போகும். அது குளிர்விப்பதும் குறைவு. ஃபைபர் கனன்றுகொண்டிருந்தால் அரை நிமிடத்தில் திரும்பப் பற்றும். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது என்ஜின் வீணாகுமே என்று பார்க்க முடியாது.

ஆனால் அரிப்பு பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. தூள் அடித்த என்ஜினை அன்றைக்கே திறந்து துடைத்து, கழுவி, எண்ணெய் பூச வேண்டும்.

#9 குன்னூர் வாத்தியார்

இருவரும் சொல்வது இரண்டு வேறு இடங்களுக்குப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாம்பன் நண்பர் சொன்ன துளையை நினைத்துப் பாருங்கள். மூடிய பெட்டிக்குள் அடிப்பதென்றால் கார்பன் டை ஆக்சைடு மிக நல்லது. 2 கிலோ வாயு விரிந்தால் கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் இன்னும் விரிந்து சுமார் 1.4 கன மீட்டர். பெட்ரோல் தீக்குப் பெட்டியின் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வாயு நிறைந்தால் போதும். திறந்த தளத்தில் எரியும் தீக்கு அக்கா சொன்ன தூள். அப்படிப் பிரித்துக்கொண்டால் சண்டையே இல்லை.

வாயு வெளியேறும் கொம்பைக் கையால் பிடிக்க வேண்டாம். மைனஸ் 78 டிகிரி வரை போகும், தோல் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது முள் விஷயம். 27 டிகிரியில் 15 பார் நிரப்பிய தூள் சிலிண்டர், விடியற்காலை 2 டிகிரியில் ஏறத்தாழ 14 பார்தான் காட்டும். தூளைத் தள்ள உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் குளிர்ந்தால் அழுத்தம் குறையும், அவ்வளவுதான். முள் மீட்டரின் பச்சைப் பகுதிக்குள் இருக்கும்வரை கவலை வேண்டாம். மத்தியானம் ஏறாமல் நாளுக்கு நாள் கீழேயே போனால்தான் கசிவு. தினம் ஒரே நேரத்தில், முடிந்தால் பதினொரு மணிக்குப் பார்த்து எழுதிவையுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் மீட்டரே கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும், நிரப்பிய வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். குளிரில் அதன் அழுத்தமும் நன்றாக இறங்கும். 27 டிகிரியில் 67 பார் என்றால் 5 டிகிரியில் 40 பார்தான். பீய்ச்சும் தூரம் குறையும். துளையில் வைத்து அடிப்பதற்கு அது ஒரு குறையில்லை.

#10 மலைமெக்கானிக்

வாத்தியார் ஐயா, முள் விளக்கத்துக்கு ரொம்ப நன்றி. இரண்டு சிலிண்டரைத் திருப்பி அனுப்ப இருந்தேன்.

நுரை வகை எப்படி? பெட்ரோலுக்கு நுரைதான் நல்லது என்று ஒருவர் சொன்னார்.

#11 தணல்

நல்லதுதான், கோவையில். நுரை சிலிண்டருக்குள் இருப்பது தண்ணீர். லேபிளில் வெப்பநிலை வரம்பு போட்டிருக்கும், நிறைய வகைகளில் கீழ் வரம்பு 5 டிகிரி. உங்கள் படகுத்துறையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் அதற்குக் கீழேதான். உறைந்தால் தேவைப்படும் நேரத்தில் வராது. உறைவு தடுக்கும் கலவை சேர்த்தது என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சாதாரண நுரை சீக்கிரம் உடைந்துபோகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலைப்படகுக்கு நான் வாங்க மாட்டேன்.

பந்து பற்றி யாரும் சொல்லவில்லை. சுடர் அதன் திரியைத் தொட்டால்தான் வெடித்துத் தூள் தூவும். பெட்டியின் ஒரு மூலையில் அதை வைத்து, தீ இன்னொரு மூலையில் அடித்தட்டோரம் எரிந்தால் எப்போது வெடிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அதை நம்பி இருக்க வேண்டாம்.

#12 எமரால்டு

நீண்ட நாளாக வாசிக்கிறேன், முதல்முறை எழுதுகிறேன். கப்பல் என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஊரில் கேரட் போடுகிறேன். தானியங்கி சாதனம் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

என்ஜின் பெட்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்தும் சிறிய சிலிண்டர்கள் கிடைக்கின்றன. தலையில் ஒரு கண்ணாடிக் குமிழ். மஞ்சள் நிறக் குமிழ் என்றால் 79 டிகிரியில் உடையும். உடைந்தால் வாயு தானாகப் பாய்ந்து பெட்டியை நிரப்பும். யாரும் எதையும் பிடுங்கவோ திறக்கவோ வேண்டாம். ஓட்டுநர் பயணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலை நடந்துவிடும். சிவப்புக் குமிழ் 68 டிகிரி. என்ஜினை நிறுத்திய உடனே பெட்டிக்குள் சூடு ஏறும் என்பதால் மஞ்சள்தான் எனக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது.

முன்பு இதற்கெல்லாம் ஹேலான் வாயு. ஓசோன் படலத்தை அழிப்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக நின்றது. யாராவது பழைய ஹேலான் சிலிண்டரை மலிவாகத் தந்தால் தொடாதீர்கள், நிரப்ப ஆளே கிடைக்காது. இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது எச்எஃப்சி-227 என்ற வாயு. புவி வெப்பமாதலுக்குக் காரணம் என்று அதையும் குறைக்கப் போகிறார்கள். அதே ஒப்பந்தத்தின் 2016 கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. பயன்பாட்டை 2028இல் மேலே ஏறாமல் நிறுத்தி 2032இலிருந்து குறைக்க வேண்டும். அதனால் வாங்கும்போதே எங்கே நிரப்பித் தருவீர்கள் என்று எழுதி வாங்குங்கள்.

அளவு எப்படி என்றால், பெட்டியின் நீள அகல உயரத்தைப் பெருக்குங்கள். என்ஜின் அடைத்திருக்கும் இடத்தைக் கழிக்க வேண்டாம். முக்கியமாக, பெட்டி கீழே அடித்தட்டோடு திறந்திருந்தால் அந்த இடத்தையும் சேர்க்க வேண்டும். நிறையப் பேர் விடுவது இங்கேதான். உங்கள் அளவைச் சொன்னால் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

#13 மலைமெக்கானிக்

அண்ணா, டேப் வைத்து அளந்தேன். பெட்டி 1.2 மீட்டர் நீளம், 0.9 அகலம், 0.8 உயரம். நீங்கள் சொன்ன பிறகு கீழே கை விட்டுப் பார்த்தேன், அடித்தட்டு முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. அது 3 மீட்டருக்கு 1.2, ஆழம் 20 சென்டிமீட்டர்.

#14 எமரால்டு

பெட்டி 0.86, அடித்தட்டு 0.72, சேர்த்தால் 1.58 கன மீட்டர். பாருங்கள், பெட்டியை மட்டும் அளந்திருந்தால் பாதி அளவு சிலிண்டர் வாங்கியிருப்பீர்கள். தீ அணையாமல் போயிருக்கும்.

8.7 சதவீதச் செறிவுக்குக் கணக்கிட்டால் கடல்மட்டத்தில், 20 டிகிரியில், சுமார் 1.1 கிலோ எச்எஃப்சி-227 வேண்டும். நம் உயரத்தில் காற்றழுத்தம் முக்கால் பங்குக்குச் சற்றுத்தான் அதிகம், அதனால் வாயு கூடுதலாக விரியும். இன்னொரு பக்கம் குளிர் அதைச் சுருக்கும். 5 டிகிரியில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 0.9 கிலோ அளவில் வருகிறது. ஆனால் இதை வைத்துச் சின்னது வாங்க வேண்டாம். மூடி இடுக்கு, ஊதிக் குழாய் என்று கசிய வழி நிறைய. தயாரிப்பாளர் 2 கன மீட்டருக்கு என்று மதிப்பிட்ட சிலிண்டரையே வாங்குங்கள். மலை உயரம் தரும் அந்தக் கொஞ்சம் நமக்குக் கையிருப்பாக இருக்கட்டும்.

ஒன்றை மறந்தால் எல்லாம் வீண். வாயு பாயும்போது என்ஜினும் ஊதியும் ஓடக்கூடாது. ஓடும் என்ஜின் மருந்தை உறிஞ்சிப் புகைக்குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். சிலிண்டரின் அழுத்த சுவிட்சோடு மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே இணைத்து, பற்றவைப்பு, ஊதி, பெட்ரோல் பம்ப் மூன்றும் ஒன்றாக நிற்கும்படி செய்யுங்கள். ஓட்டுநருக்குத் தெரிய ஒரு சிவப்பு விளக்கும். அணைந்த பிறகும் பதினைந்து இருபது நிமிடம் மூடியைத் தொடக்கூடாது. உள்ளே உலோகம் இன்னும் சூடாக இருக்கும், காற்று பட்டால் திரும்பப் பிடிக்கும்.

#15 கோடைத் துடுப்பு

நான் கொடைக்கானல். எங்களுடையவை துடுப்புப் படகும் பெடல் படகும்தான், அதனால் என்ஜின் பெட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் படகு பழுது பார்க்கும் கொட்டகையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்றுதான் எழுதுகிறேன். நான் பார்த்த இரண்டு தீயும் தண்ணீரில் இல்லை, கொட்டகையில்.

மலைக்குளிரில் ஃபைபர் ஒட்டினால் ரெசின் இறுகாது. அதனால் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டை அதிகமாக ஊற்றுவார்கள், பக்கத்தில் ஹீட்டரோ பெரிய பல்போ வைப்பார்கள். இரண்டுமே ஆபத்து. வாளியில் மிஞ்சிய ரெசின் தானாகச் சூடேறிப் புகையும். மிஞ்சியதைக் குப்பைக்கூடையில் போடாமல் வெளியே மண்ணில் மெல்லியதாகப் பரப்பி வையுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கரைசலையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. இரண்டு கேனையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். துடுப்புக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் நெருப்பே இல்லாமல் இரவில் பற்றும். விரித்துக் காயப்போடுங்கள்.

அப்புறம் கணப்பு. விடியற்காலையில் காவலாளியும் ஓட்டுநர்களும் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் குளிர் காய்வது நம் மலையில் எல்லா இடத்திலும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது, கை விறைத்துப்போகும் குளிர். ஆனால் பெட்ரோல் கேன் வைக்கும் அறையிலிருந்து அது நன்றாகத் தள்ளி, மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். வாத்தியார் சொன்ன மாதிரி ஆவி தாழ்வான பக்கம்தான் இறங்கும்.

#16 மலைமெக்கானிக்

அண்ணா, எங்கள் கணப்பு பெட்ரோல் அறைப் படிக்கட்டுக்குக் கீழே. இன்றைக்கே இடம் மாற்றிவிட்டேன். கேன் நிரப்புவதும் இதுவரை படகுக்குள்ளேயேதான். இனி தரையில் வைத்து நிரப்புகிறேன்.

பேட்டரிப் படகுக்கு என்ன செய்வது? லித்தியம், 48 வோல்ட்.

#17 தணல்

லித்தியத்தில் முதல் கேள்வி எந்த வகை என்பது. இரும்பு பாஸ்பேட் வகை மற்றவற்றைவிட நிதானமானது, அதையே கேட்டு வாங்குங்கள். எதுவாக இருந்தாலும் செல் உள்ளே சூடேறித் தொடர்ச்சியாக எரிய ஆரம்பித்தால் தூளும் கார்பன் டை ஆக்சைடும் சுடரை மட்டும்தான் அடக்கும். உள்சூடு தணியாமல் திரும்பத் திரும்பப் பற்றும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பதுதான் வழி, ஏரியில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் முதலில் ஆட்களை இறக்குங்கள். அந்தப் புகை விஷம்.

2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு இரவில் எரிந்து 34 பேர் இறந்தார்கள். கீழ்த்தட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். காரணம் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் இரவுக் காவல் சுற்று இல்லை என்பதும், கீழேயிருந்து வெளியேறும் இரண்டு வழிகளும் எரிந்துகொண்டிருந்த அதே அறைக்குள்தான் திறந்தன என்பதும் விசாரணையில் தெரிந்தது. உங்கள் படகு சின்னது, திறந்தது. இருந்தாலும் சார்ஜ் போட்டுவிட்டு ஆள் இல்லாமல் விட்டுப் போவதையும், பயணிகள் இறங்கும் வழியில் பேட்டரி வைப்பதையும் தவிருங்கள்.

#18 குன்னூர் வாத்தியார்

மலைக்கே உரிய ஒன்றைச் சேர்க்கிறேன். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, நாளடைவில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம். இரவு முழுக்க வெளியில் உறைபனியில் நின்ற படகுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு சார்ஜர் மாட்டுவதுதான் நம் ஊரில் நடக்கப்போகிறது. குளிரில் சார்ஜைத் தானாகத் துண்டிக்கும் வசதி பேட்டரிக் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மாலையில் படகு திரும்பியதும், பேட்டரி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள்.

#19 கோவை பம்ப்செட்

அரசு விதி எதுவும் இல்லையா? இதெல்லாம் நம் விருப்பம்தானா?

#20 எமரால்டு

உள்நாட்டு நீரில் ஓடும் என்ஜின் படகுகளுக்கு 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. ஆய்வு, பதிவு, தீயணைப்புச் சாதனம் எல்லாம் அதன் கீழ் வரும். உங்கள் படகுக்கு எத்தனை சிலிண்டர் என்பதை ஆய்வாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், அதற்குக் குறையாமல் வையுங்கள். ஊட்டி தீயணைப்பு நிலையத்தில் போய்ச் செயல்முறை காட்டச் சொல்லிக் கேளுங்கள். முறையாகக் கேட்டால் வந்து சொல்லித் தருவார்கள்.

#21 மலைமெக்கானிக்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்துச் செய்தது இது.

பெரிய படகில் கார்பரேட்டருக்கு ஜெட் மாற்றிச் சுடர் தடுப்பு வலை போட்டாயிற்று. எரிபொருள் குழாய் புதிது. ஊதி புதிது, வாயை அடித்தட்டுக்கு இறக்கியிருக்கிறேன். மரைன் ஸ்டார்ட்டர் கொச்சியிலிருந்து வர வேண்டும். பெட்டிக்குள் 2 கன மீட்டர் அளவு தானியங்கி சிலிண்டர், மஞ்சள் குமிழ், ரிலேயோடு. பெட்டியின் பக்கத்தில் துளை, அதற்கு நேர் எதிரே 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஓட்டுநர் காலுக்குப் பக்கத்தில் ஒரு ஏபிசி தூள், பின்சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று. அவுட்போர்டு படகில் தூள் ஒன்று, முன்பக்கம். எரிவது பின்னால் என்பதால் எதிர்ப்பக்கம் வைத்தேன். படகுத்துறையில் 6 கிலோ தூளும் மணல் வாளிகளும்.

பழைய தூள் சிலிண்டர்களில் வேலை செய்யும் நிலையில் இரண்டு இருந்தன. அவற்றை வைத்து எல்லோருக்கும் பழக்கிப் பார்த்தோம். பழைய இரும்புத் தட்டில் கொஞ்சம் டீசல் ஊற்றிப் பற்றவைத்தேன். எவ்வளவு நேரம் அடிக்கும் என்று முன்னாலேயே கேட்டபோது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்றார்கள். 2 கிலோ சிலிண்டர் ஒன்பது நொடியில் தீர்ந்தது. முதல் ஆள் சுடரின் உச்சியைப் பார்த்து அடித்தே பாதியை வீணாக்கினார், தீ அப்படியே இருந்தது. இரண்டாவது முறை என் உதவியாளப் பையன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தட்டின் விளிம்பிலிருந்து அடியை ஒட்டி இடவலமாகத் துடைத்த மாதிரி அடித்தான். நான்கு நொடியில் அணைந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் டிசம்பரிலிருந்து மனதில் இருந்த பாரம் எனக்குக் கொஞ்சம் இறங்கியது.

ஒரு சந்தேகம் பாக்கி. துளைக்குப் பக்கத்தில் என்ன எழுதி ஒட்டுவது?

#22 பாம்பன் டீசல்

சிவப்பில் பெரிதாக நான்கு வரி போதும் தம்பி. என்ஜினை நிறுத்து. மூடியைத் திறக்காதே. அடைப்பானைக் குத்து. முழுவதும் அடி. துளைக்குப் பக்கத்தில் ஒட்டுவதைவிட மூடியின் கைப்பிடிக்கு மேலேயே ஒட்டுங்கள், பதற்றத்தில் கை முதலில் அங்கேதான் போகும்.

#23 மலைமெக்கானிக்

கைப்பிடி மேலேயே ஒட்டிவிட்டேன் அண்ணே. ஓட்டுநர்களில் ஒருவருக்குப் படிக்க வராது, அதனால் அதற்குக் கீழே ஒரு கை படம் வரைந்து குறுக்கே கோடு போட்டிருக்கிறான் பையன்.